நனைக்கச் சொன்னது நான்தான்

நான் பொய்யாக மொழிபெயர்த்தேன்.

இரண்டு மூன்று வாக்கியம்தான். தமிழில் ஒன்றைக் கேட்டு, ஆங்கிலத்தில் வேறொன்றைச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அதனால் அஞ்சலை என்ற பெண், செயற்கைக்கோளுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த மேசையை விட்டு எழுந்து வீட்டுக்குப் போனாள். அந்த மேசையில் அவள் மறுபடி உட்காரவே இல்லை.

இதைப் படிக்கிற நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது... ஒவ்வொரு தவக்காலத்திலும் ஆவடிக் கோவிலில் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். அம்மாவை எதிர்த்துப் பேசியது, பூசையில் தூங்கி வழிந்தது, பக்கத்து வீட்டுக்காரியின் புடவையைப் பார்த்துப் பொருமியது, எல்லாவற்றையும் பங்குச் சாமியாரிடம் ஒப்பித்திருக்கிறேன். இதை மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை. சில்லறைப் பாவங்களை முன்னால் தள்ளிவிட்டுப் பெரிய பாவத்தை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிற சாமர்த்தியம் எனக்கு உண்டு!

என் பெயர் மார்கரெட். ஊர் முத்தாபுதுப்பேட்டை. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். அந்தப் பள்ளி எனக்குக் கொடுத்த ஒரே சொத்து ஆங்கிலம். அதை நான் நகை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பேருந்தில் யாராவது வழி கேட்டால்கூட ஆங்கிலத்தில் கேட்கமாட்டார்களா என்று ஏங்குவேன்!

எழுபதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் டிரான்சிஸ்டர் ரேடியோ செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். ரேடியோவுக்கு ஈயம் உருக்கிக் கம்பி பற்றவைக்கும் பெண்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பலரும் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். அப்பா அம்மா வயல் வேலைக்குப் போனவர்கள். வயல்கள் மனைகளாகி, மனைகள் தொழிற்சாலைகளாகி, இப்போது மகள்கள் அவற்றுக்குள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களில் ஒருத்திதான் அஞ்சலை. கள்ளிக்குப்பத்துக்காரி. வேலைக்கு வருவதற்கு முன்னால் அம்பத்தூர் ரயில் நிலையத்தின் வாசலில் அவள் அம்மாவோடு உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவள். முதல் நாளே என் பெயரைக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

“இன்னாது... மார்க்கெட்டா? பேரே மார்க்கெட்டா? எந்த மார்க்கெட்டு அக்கா, கொத்தவால்சாவடியா?”

கூடமே சிரித்தது. அன்று முதல் நான் ‘மார்க்கெட் அக்கா’. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கூப்பிடும்போது அந்தப் பெயரே அழகாகிவிட்டது. என்ன செய்வது!

இப்படி இருக்கையில்தான் பெங்களூரிலிருந்து தத்தா வந்து இறங்கினார்.

அவர் வங்காளி. செயற்கைக்கோள் செய்யும் குழுவில் பொறியாளர். செயற்கைக்கோளின் உள்ளே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகள் உண்டு. அவற்றைக் கற்றையாகச் சேர்த்து, மெழுகு நூலால் இறுகக் கட்டி, முனைகளில் பற்றவைக்க வேண்டும். அதை வெளிநாட்டில் வாங்கிவிடலாம் என்று அவர் மேலதிகாரிகள் சிலர் சொன்னார்களாம். மனிதர் கேட்கவில்லை. நம்மூர்ப் பெண்களுக்குப் பழக்கினால் அவர்களே செய்வார்கள் என்று பிடிவாதம் பிடித்து, ரேடியோக் கம்பெனிகளாகத் தேடி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். ஒரு மாதிரிக் கற்றை செய்து தர வேண்டும். அது சோதனையில் தேறினால் வேலை எங்களுக்கு. இல்லாவிட்டால் அவரும் வாயை மூடிக்கொண்டு வெளிநாட்டுக்கு எழுதிப்போட வேண்டியதுதான்.

அவருக்குத் தமிழ் தெரியாது. பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, “நீதாம்மா ரெண்டு பேருக்கும் வாய்” என்றார்.

கேட்டீர்களா... வாய்! தட்டச்சு இயந்திரத்தை மூடிவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது என் கால்கள் தரையில் இல்லை.

முப்பது வயதுகூட நிரம்பாத அந்த ஒல்லி மனிதருக்குப் பெண்கள் ‘தாத்தா சார்’ என்று பெயர் வைத்தார்கள். தத்தா என்பது எப்படியும் அவர்கள் வாயில் தாத்தாவாகத்தான் விழுந்தது. அவர் என்னிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். “மரியாதைக்குரிய பெரியவர்” என்றேன். மகிழ்ந்துபோனார். பொய் மொழிபெயர்ப்பு எனக்கு அங்கேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது... ஆனால் அதற்காக நான் வருந்தவில்லை.

அந்தச் சில நாட்களைப் போல இனிய நாட்கள் எனக்கு வாழ்க்கையில் அதிகம் கிடைத்ததில்லை. அவர் ஒன்று சொல்வார், நான் தமிழில் சொல்வேன், பெண்கள் அதைத் தங்கள் தமிழில் இன்னொரு முறை சொல்லிக்கொள்வார்கள். கற்றையை மெழுகு நூலால் கட்டும் முடிச்சை அவர் செய்து காட்டியபோது அஞ்சலை வாய்விட்டுச் சிரித்தாள்.

“அட, இது கனகாம்பரம் கட்ற முடிச்சுக்கா! இதுக்காய்யா பெங்களூர்லேர்ந்து வந்துகிறாரு?”

அவள் கட்டிக் காட்டியதைத் தத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி. மாதிரிக் கற்றையை அஞ்சலைதான் செய்ய வேண்டும் என்று அப்போதே முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

ஊருக்குத் திரும்புகிற அன்று, ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், கடைசியாக ஒரு பாடம் சொன்னார். பற்றவைக்கும்போது கம்பி நன்றாக ‘வெட்’ ஆக வேண்டும், ஜாயின்ட் ‘டிரை’யாக இருக்கவே கூடாது, டிரை ஜாயின்ட் ஒன்று இருந்தாலும் செயற்கைக்கோள் செத்துப்போகும்.

எனக்கு அந்த இரண்டு சொற்களும் தெரியும். எந்தக் குழந்தைக்குத்தான் தெரியாது? வெட் என்றால் ஈரம். டிரை என்றால் காய்ந்தது. ஆனால் ஈயத்தைக் காய்ச்சி ஒட்டுகிற வேலையில் ஈரம் எங்கிருந்து வந்தது? ஒரு கணம் மனத்தில் இடறியது. ‘சார், புரியவில்லை’ என்று கேட்டிருக்கலாம். வாசலில் வண்டி நின்றது. பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘புரியவில்லை’ என்ற சொல்லை அவர்கள் முன்னால், அதுவும் ஆங்கிலத்தில், என் வாயால் எப்படிச் சொல்வேன்?

“கம்பியை நனைக்கணும். காய்ஞ்ச ஜாயின்ட் கூடவே கூடாது” என்றேன்.

ஒரு பெண்ணாவது மறுத்துக் கேட்டாளா என்றால், இல்லை. அஞ்சலை தலையை ஆட்டினாள்.

“சரிதானே? வாழைநாரக்கூட நனைச்சாத்தான் பூ கட்ட வரும். காய்ஞ்ச நாரு முறிஞ்சுகினு பூடும்.”

எவ்வளவு பொருத்தமாக இருந்தது! எனக்கே என் மொழிபெயர்ப்பின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். நனைத்த கம்பியில் சூட்டுக்கோல் பட்டதும் சுர்ரென்று தெறித்தது. அவ்வளவு ஈரம் வேண்டாம், துளி போதும் என்றேன். அஞ்சலை கம்பியின் மேலுறையை உரித்தாள். மயிரிழை போன்ற செம்பு இழைகளை நாக்கு நுனியில் தொட்டு, விரலால் ஒரு முறுக்கு முறுக்கினாள். ஊசியில் நூல் கோக்கிற மாதிரித்தான். இழைகள் ஒன்றுசேர்ந்து கூராக நின்றன. அதன் மேல் ஈயம் வைத்தாள்.

“இது போதுமாக்கா?”

“போதும்டி. இதுதான் சரியான அளவு” என்றேன் நான்.

கவனியுங்கள். நான் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன். பாராட்டினேன். இதையெல்லாம் விட்டுவிட்டு, அறியாமல் நடந்த பிழை என்று உங்களிடம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

கற்றை பெங்களூருக்குப் போயிற்று. அங்கே அதைச் சூடும் ஈரப்பதமும் மாறி மாறிக் கொடுக்கும் பெட்டியில் வைத்து நாட்கணக்கில் சோதித்தார்களாம். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் தத்தா வந்து நின்றார். கையில் எங்கள் கற்றை. முகத்தில் சிரிப்பில்லை. முதலாளி அன்று ஊரில் இல்லை. அந்தக் கூடத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கற்றையை மேசைமேல் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். முடிச்சுகள் அப்படியே அழகாக இருந்தன. முனைகளில் மட்டும், புளி போட்டுத் தேய்க்காத பித்தளைப் பாத்திரத்தில் படிவதுபோல, பச்சைக் களிம்பு படிந்திருந்தது.

உப்பு, என்றார் அவர். மனித எச்சிலின் உப்பு. கம்பியை யாரோ வாயில் வைத்திருக்கிறார்கள். ஏன்?

அன்று சொன்னீர்களே, ‘வெட்’ ஆக வேண்டும் என்று... அது என்ன என்று தெரிந்துகொள்ளலாமா என்று, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் ஒரு கம்பியை எடுத்துச் சூடுபடுத்தி ஈயத்தை வைத்தார். ஈயம் உருகி, இழைகளுக்குள் வழிந்து பரவி, பளபளவென்று தழுவிக்கொண்டது. இதுதான் வெட், என்றார். இன்னொன்றில் ஈயம் ஒட்டாமல் உருண்டு நின்றது. இது டிரை.

ஈயம்தான் கம்பியை நனைக்க வேண்டும்! தண்ணீர் அல்ல, எச்சில் அல்ல. உருகிய ஈயம்!

அந்த நிமிடத்தில் எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது அறியாமை அல்ல.

தத்தா பெண்களைப் பார்த்து, கம்பியை வாயில் வைத்தது யார், ஏன் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அஞ்சலை எழுந்து நின்றாள். பயமே இல்லை அவள் முகத்தில். ஏன் இருக்க வேண்டும்? அவள் சொன்னபடி செய்தவள்.

“நான்தான் சார். அக்கா நனைக்கச் சொன்னாங்கோ, நனைச்சேன். நாக்கு என்னுது, பேச்சு அக்காவுது” என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தத்தா என் பக்கம் திரும்பினார். அவள் என்ன சொல்கிறாள், என்றார்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு இழுக்கிற நேரம். அதற்குள் எனக்கு என்னவெல்லாம் தோன்றியது தெரியுமா... முதலாளியின் முகம், மறுபடியும் தட்டச்சு இயந்திரம், கூடமெல்லாம் சிரிக்கிற சிரிப்பு. ‘இங்கிலீஷ் தெரியுமென்று பீற்றிக்கொண்டாளே!’ அஞ்சலையின் முகம் மட்டும் தோன்றவில்லை. அவள் என் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள், இருந்தும் தோன்றவில்லை.

“பூக் கட்டுகிற காலத்துப் பழக்கம் என்கிறாள். வாயில் வைக்காதே என்று நாங்கள் எத்தனையோ முறை சொன்னோம். கேட்கவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அழகான ஆங்கிலம். இலக்கணப் பிழையே இல்லை.

நான் பேசப் பேச அஞ்சலை ‘ஆமாம் ஆமாம்’ என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். தன் பேச்சைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்தாள். அந்தத் தலையாட்டல் தத்தாவுக்கு ஒப்புதலாகிவிட்டது! சுற்றியிருந்த பெண்களுக்கும் எல்லாம் தெரியும், நான் ஆங்கிலத்தில் என்ன சொன்னேன் என்பதைத் தவிர.

தத்தா வெகுநேரம் கற்றையையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: இந்த அறையிலேயே சிறந்த கை இவளுடையதுதான். தெரியாமல் செய்திருந்தால் நானே உட்கார்ந்து மறுபடி சொல்லிக்கொடுத்திருப்பேன். சொல்லியும் கேட்காத கையை நம்பி நான் எதையும் மேலே அனுப்ப முடியாது. இவளை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தெரியாமல் செய்திருந்தால்... கேட்டீர்களா! நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். ‘வெட்’ கதையைப் பெங்களூரில் போய்ச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பார். எனக்குப் போயிருக்கக்கூடியது கொஞ்சம் மானம். அவ்வளவுதான்.

நான் அஞ்சலையிடம் ஒரு பாதியை மட்டும் சொன்னேன்: “உன்னை இந்த வேலையிலிருந்து எடுக்கச் சொல்லிட்டார்.”

அவள் நம்பவில்லை. பிறகு அழுதாள். ரேடியோ மேசைக்குத் திரும்பிப் போகச் சொன்னேன். மாட்டேன் என்றாள். எல்லாரும் செயற்கைக்கோளுக்குச் செய்துகொண்டிருக்க, அதே கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ரேடியோ செய்ய அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை கூடவே போன நானும் அழுதேன். என் கண்ணீரைப் பார்த்து அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ அய்வாதக்கா. எனுக்காவ நீ எவ்ளோ நேரம் அவராண்ட பேசுன, நான் பாத்துகினுதானே இருந்தேன். இன்னா பண்றது, பெரிய மனுசன், கேக்கல.”

அவள் பிடித்த கையை நான் அப்படியே விட்டுவைத்தேன்.

மறுநாள் மற்ற பெண்களிடம் முறை மாறிவிட்டது, இனிமேல் நனைக்க வேண்டாம் என்றேன். சரிக்கா என்றார்கள். இரண்டாவது கற்றை தேறியது. வேலை எங்களுக்கே வந்தது. எழுபதுகளின் நடுவில் நம் நாட்டுச் செயற்கைக்கோள் மேலே போனபோது கூடத்தில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். எங்கள் கற்றைகள் தரையில் சோதித்த மாதிரியில் இருந்தனவா, மேலே போனதிலேயே இருந்தனவா, யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் மேலே போனதாகவே வைத்துக்கொண்டோம்.

நான் மொழிபெயர்ப்பாளராக இருந்து பயிற்சி ஆசிரியை ஆனேன். புதிதாக வந்த பெண்களுக்கெல்லாம் நானே கற்றுக்கொடுத்தேன். “ஈயம் கம்பியைத் தழுவணும்” என்று சொல்லிக்கொடுப்பேன். அந்தச் சொல்லைத் தத்தா கேட்டுப் பொருள் தெரிந்துகொண்டு, இப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று முதலாளியிடம் சொன்னார். என் வகுப்பில் தேறிய பெண்கள் பெங்களூருக்கே வேலைக்குப் போனார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த நிறைவும் பொய்யில்லை... அதனால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அஞ்சலை கல்யாணம் செய்துகொண்டு கள்ளிக்குப்பத்திலேயே இருந்தாள். என்னை அவள் விடவே இல்லை. ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தே “மார்க்கெட்டக்கோவ்!” என்று கத்துவாள். எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் கஞ்சியோடு வந்து நிற்பாள். அவள் கொஞ்சம் முறைத்திருக்கலாம்! ஒரு தடவையாவது என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம்!

எழுபதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், இன்று சொல்லியே தீர்வது என்று அவள் வீட்டுக்குப் போனேன். செம்பரம்பாக்கத்து ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். தட்டைப் போட்டு உட்காரச் சொன்னாள். எப்படி ஆரம்பிப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது அவளாகவே எடுத்துக் கொடுத்தாள்.

“ஏங்க்கா, அன்னிக்கு கடசீல அந்த தாத்தா சாரு இன்னாமோ நீட்டி மொயக்கி சொன்னாரே... இன்னாக்கா சொன்னாரு?”

சொல், சொல் என்று எனக்குள் யாரோ அடித்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்தேன்.

“அந்த ரூம்லயே உன் கைதான் நல்ல கைன்னு சொன்னார்டி.”

அவள் குழம்புக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். தன் கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்து, “யோவ், கேட்டியா! பெங்களூரு இஞ்சினீரு சொல்லிகிறாரு, என் கைதான் கையாம்! நீ இன்னாடான்னா கொயம்புல உப்பு இல்லன்ற!” என்று புருஷனைக் கூப்பிட்டாள். வாசலில் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பு நின்றதும் கரண்டியை மறுபடி எடுத்தாள். அப்புறம் சாதாரணமாக, யார்மேலும் கோபமில்லாமல் கேட்டாள்.

“அப்பால ஏங்க்கா என்னிய வோணான்னாரு?”

நான் சொல்லத்தான் போயிருந்தேன். அவளே கதவைத் திறந்து வைத்திருந்தாள். அதற்கு மேல் ஒருவருக்கு என்ன உதவி வேண்டும்?

“அது... எனக்கும் சரியாப் புரியல அஞ்சலை” என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

“வுடுக்கா. அவ்ளோ படிச்ச உனுக்கே புரியலன்னா, வேற ஆருக்குப் புரியப் போவுது? நீ துன்னு.”

மீனில் முள் அதிகம் என்று சொல்லி, தானே முள்ளை எடுத்துவிட்டு, சதையை மட்டும் என் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் தின்றேன்... அவள் வைக்க வைக்க, தலை நிமிராமல் தின்றேன்.